முறுகல் தோசை, மூன்று மாதச் சர்க்கரை, குடலுக்குள் ஒரு கூட்டம்

கண்ணு,

உன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது. கூடவே ஒரு விளம்பரத்தையும் அனுப்பி, “குடல் பாக்டீரியாவைச் சரி பண்ணினா சர்க்கரை தானா இறங்கிடுமாம்க்கா, இந்த கேப்சூலை வாங்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. ஏன் வேண்டாம், அந்தக் காசுக்கு வேறு என்ன வாங்கலாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குடல் பாக்டீரியாவுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டு. அது விளம்பரக்காரர் சொல்லும் வழியில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த 6.1 எதைச் சொல்கிறது?

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் சும்மா ஓடிவிட்டுப் போவதில்லை. வழியில் இருக்கும் புரதங்களில் மெல்ல ஒட்டிக்கொள்ளும். அதற்கு எந்த என்சைமும் தேவையில்லை. சர்க்கரையும் புரதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே நடக்கும். சர்க்கரை கூடினால் ஒட்டுவதும் கூடும். சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினில் இப்படி நூற்றுக்கு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் உன் ரிப்போர்ட் சொல்கிறது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும். அதனால்தான் இதை ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வகை ஹீமோகுளோபின் அதிகமாக இருக்கிறது என்று 1960-களின் கடைசியில் கண்டு சொன்னவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர். 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீ எல்லைக்கோட்டில் நிற்கிறாய். பதற வேண்டியதில்லை, சும்மா விட்டுவிடவும் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனி. உன் ஹீமோகுளோபின் 9.8 என்று அதே தாளின் மேல்பக்கத்தில் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்றும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றுமாக சர்க்கரை பார்த்துவிட்டு, டாக்டரிடம் மூன்றையும் சேர்த்துக் காட்டு. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகப் போடு. அதை விழுங்கிய கையோடு காபி குடிக்காதே.

ஒட்டிய சர்க்கரை அப்படியே நின்றுவிடாது

முதலில் ஒட்டும்போது பிடி லேசாகத்தான் இருக்கும். நாள் போகப் போக அது உருமாறி, உடைந்து, வேறு புரதத்தோடும் கைகோத்து, கழற்றவே முடியாத ஒன்றாகிவிடும். இவற்றை மொத்தமாக ஏஜிஇ என்கிறார்கள்; அட்வான்ஸ்டு கிளைக்கேஷன் எண்ட் புராடக்ட்ஸ். சிவப்பணு நாலு மாதத்தில் செத்துப் போகும், அதோடு அதில் ஒட்டியதும் போகும். கண் லென்ஸில் இருக்கிற புரதமும், ரத்தக்குழாய்ச் சுவரிலும் தோலிலும் இருக்கிற கொலாஜனும் அப்படியில்லை. வருஷக்கணக்கில் மாறாமல் கிடப்பவை. அங்கே சேர்ந்தது சேர்ந்ததுதான். சர்க்கரை நோயில் கண், சிறுநீரகம், ரத்தக்குழாய் கெடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இதே வினைதான் உன் தோசைக்கல்லிலும் நடக்கிறது. மாவில் இருக்கிற சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி, அந்த முறுகல் வாசனை வருகிறதே, அதை 1912-இல் விளக்கியவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். உடம்புக்குள் 37 டிகிரியில் மாதக்கணக்கில் நடப்பது கல்லில் இரண்டு நிமிஷத்தில் முடிகிறது. ஆக, நம் உடம்புக்கு ஏஜிஇ இரண்டு வழியாக வருகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறி உள்ளேயே உண்டாவது ஒன்று. தட்டில் போட்டு நாமே சாப்பிடுவது இன்னொன்று.

சாப்பிட்டது எங்கே போகிறது? 1997-இல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். உணவில் இருந்த ஏஜிஇ-யில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போனது. அதிலும் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களுக்கே மூன்று நாளில் மூன்றில் ஒரு பங்குதான் சிறுநீரில் வெளியேறியது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதுகூட இல்லை. சரி, ரத்தத்துக்குப் போகாத ஒன்பது பங்கு? அதில் பெரும்பகுதி அப்படியே இறங்கிப் பெருங்குடலுக்கு வருகிறது. அங்கேதான் உன் விளம்பரத்தில் வந்த கூட்டம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கூட்டம் என்ன செய்கிறது?

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் மனிதக் குடலில் இருந்து இன்டெஸ்டினிமோனாஸ் என்ற ஒரு பாக்டீரியாவை எடுத்து ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள். சர்க்கரை ஒட்டிய லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதே, சமையல் சூட்டில் முதலில் உண்டாவது, அதை இந்த பாக்டீரியா தின்று, பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக மாற்றி வெளியே விடுகிறது. சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவிடம்கூட இந்த வகைப் பொருளைப் பிரிக்கும் என்சைம் உண்டு. ஒட்டிய சர்க்கரையைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆட்கள் நம் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஆனால் எல்லார் குடலிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ரொம்பவும் முற்றிய ஏஜிஇ-க்களை அவையும் எளிதில் உடைப்பதில்லை.

இன்னும் பெரிய விஷயம் அந்த பியூட்டிரேட். பெருங்குடலின் உள்சுவரில் இருக்கிற செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதத்தை இதிலிருந்துதான் எடுக்கின்றன. அது கிடைத்தால் சுவர் இறுக்கமாக இருக்கும். நாம் நார்ச்சத்தே சாப்பிடாமல் இருந்தால் பியூட்டிரேட்டும் குறையும். பசித்த பாக்டீரியாக்கள் சுவரின் மேல் பூசியிருக்கிற சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்துவிடும். இதை 2016-இல் எலிகளில் கண்ணாரப் பார்த்திருக்கிறார்கள். தேங்காய்ப்பால் பிழிகிற மல்துணியில் இழை விலகினால் சக்கையும் சேர்ந்து இறங்கும் இல்லையா, அதைப்போல அப்போது உள்ளே போகக்கூடாததெல்லாம் ரத்தத்துக்குப் போகிறது.

ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் இருந்து 2022-இல் வந்த ஆராய்ச்சி இதைத்தான் காட்டியது. வயசான எலிகளின் மூளையில் இருக்கும் காவல் செல்களில் சிஎம்எல் என்ற ஏஜிஇ சேர்ந்திருந்தது. குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளில் அது குறைவு. வயசானால் குடல் சுவர் தளர்ந்து, சிஎம்எல் ரத்தத்தில் கூடி, மூளைவரை போகிறது என்றார்கள். ஆக, பாக்டீரியா நல்லது மட்டும்தான் செய்யும் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கு முந்தின வருஷம் மெல்பர்னில், சூட்டில் பதப்படுத்திய தீனி போட்ட எலிகளுக்குக் குடல் சுவர் ஒழுகி, சிறுநீரகமும் கெட்டதைப் பார்த்தார்கள். எளிதில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது சர்க்கரை நோய் வந்த எலிகளின் சிறுநீரகம் அவ்வளவு கெடவில்லை.

எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் மனிதர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்காரர்கள், உடல் எடை கூடின 38 பேருக்கு ஏஜிஇ குறைவான சாப்பாட்டையும் அதிகமான சாப்பாட்டையும் 12 வாரம் கொடுத்து ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்டார்கள். குறைவான சாப்பாடு என்றால் வேறொன்றுமில்லை, வேகவைத்தது, ஆவியில் அவித்தது. அதிகமானது வறுத்தது, பொரித்தது, சுட்டது. அவித்த சாப்பாட்டில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்தத்தில் ஏஜிஇ-யும் குறைந்தது. 38 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இட்லி சாப்பிடச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எதற்கு?

இனி அடுப்படி

ஒரே ஒரு விதியை மனசில் வை. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டி அதிகம் போகாது; குக்கரில் 120 வரை ஏறினாலும் ஈரம் இருக்கும். தண்ணீர் வற்றி, மேல்பக்கம் காய்ந்து 140-க்கு மேல் போகும்போதுதான் பழுப்பு வேகமாக ஏறும். 2010-இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 549 உணவுகளை அளந்து ஒரு பட்டியல் போட்டார்கள். உலர்ந்த சூட்டில் சமைத்தால் சமைக்காததைவிட 10 முதல் 100 மடங்கு வரை ஏஜிஇ கூடுகிறது என்பது அதன் சாரம். அளந்த முறையைப் பற்றிப் பின்னால் வாக்குவாதம் உண்டு. அதனால் எந்த உணவில் எத்தனை யூனிட் என்று மனப்பாடம் பண்ணாதே, போக்கை மட்டும் எடுத்துக்கொள்.

இட்லி, சந்தகை, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளு கடைசல், ராகிக் களி. நம் வீட்டில் வாரம் முழுவதும் நடந்த சமையல் இதுதான். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். தோசையை விடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் தோசை நிறுத்தினால் மாப்பிள்ளை என் மேல் வருத்தப்படுவார். தினமும் நெய் ரோஸ்ட்டாகக் கல்லில் கிடத்தி வைக்காமல், மெத்தென்று கல்தோசையாக ஊற்றி மூடி போட்டு எடு. மூடிக்குள் ஆவி நிற்பதால் மேல்பக்கம் வெந்துவிடும், திருப்பிப் போடவே வேண்டாம். அடிப்பக்கம் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடு. கறுப்புப் புள்ளி விழும்வரை காத்திருக்காதே. சப்பாத்திக்கும் இதேதான்.

கறியைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கனைச் சுக்காவாக வற்றவிடுவதைவிடத் தண்ணிக் குழம்பாக வை. வறுவல்தான் வேண்டும் என்று பசங்கள் அடம்பிடித்தால், எலுமிச்சைச் சாறு பிழிந்து ஒரு மணி நேரம் ஊறவை. மவுண்ட் சைனாய் அளவில், மாட்டிறைச்சியை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சமைத்தபோது ஏஜிஇ பாதிக்கும் கீழே இறங்கியது. புளிப்பில் இந்த வினை மந்தமாகிவிடும் என்பதுதான் காரணம், ஆகவே கோழிக்கும் மீனுக்கும் செய்து பார்ப்பதில் தப்பில்லை. பிறகு அரைவாசி வேகும்வரை மூடி வைத்து, கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் வறு.

ஏர் ஃபிரையர் வாங்கலாமா என்று போன தடவை கேட்டாய். எண்ணெய் மிச்சமாகும், அது உண்மை. ஆனால் அதுவும் 180, 200 டிகிரியில் காற்றடித்து உலர்த்திப் பழுப்பாக்குகிற பெட்டிதான். எண்ணெய்க்காக வாங்கினால் வாங்கு, இந்த விஷயத்துக்காக வாங்காதே.

தாளிப்பைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஒரு ஸ்பூன் கடுகும் நாலு வெங்காயமும் பொன்னிறமாவதில் எதுவும் கெட்டுவிடாது. தட்டை நிறைக்கிற பொருள் எப்படி வெந்தது என்று மட்டும் பார்.

ரொம்பக் கோபம் வருவது எனக்கு இந்த ரஸ்க் விஷயத்தில்தான். “சுகர் பேஷன்ட், அதனால ரஸ்க் சாப்பிடறேன்” என்று உன் அத்தை சொல்கிறார்கள். ரஸ்க் என்றால் மைதா ரொட்டியைச் சுட்டு, வெட்டி, மறுபடியும் சுட்டது. சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். நார் இல்லை. வர்க்கிக்கும் கிரீம் இல்லாத பிஸ்கட்டுக்கும் இதே கதை. டீக்கு ஏதாவது கடிக்க வேண்டுமென்றால் தட்டைப்பயறுச் சுண்டலோ வேகவைத்த நிலக்கடலையோ வைத்துக் கொடு. கடலையை வறுக்காமல் உப்புப் போட்டு அவித்தால் ஏஜிஇ குறைவு, பல்லுக்கும் சுகம். பாலையும் சர்க்கரையையும் மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிப் பழுப்பாக்கும் பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் இந்த வினையை வேண்டுமென்றே உண்டாக்கி எடுப்பவைதான். தீபாவளிக்கு ஒரு துண்டு சாப்பிடு. அதற்கு யாரும் பரிகாரம் கேட்க மாட்டார்கள்.

உள்ளே உண்டாவதைக் குறைக்க

வெளியிலிருந்து வருவதை மட்டும் குறைத்துவிட்டு, தட்டு நிறையச் சோறு போட்டால் பிரயோஜனமில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஒட்டுவது நடந்துகொண்டே இருக்கும். இதற்கு எனக்குத் தெரிந்து செலவே இல்லாத வழி, சாப்பிடும் வரிசையை மாற்றுவது. 2015-இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். காயும் கறியும் முதலில், ரொட்டியும் ஜூஸும் பிறகு என்று சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை ஏறக்குறைய 37 சதவீதம் குறைவாக இருந்தது. நாம் இலையில் முதலில் சாதத்தைத் தட்டிக் குழம்பை ஊற்றித்தான் பழக்கம். கொஞ்சம் மாற்று. முதலில் ஒரு கிண்ணம் பொரியலும் கொள்ளோ பயறோ ஒரு கரண்டியும் சாப்பிட்டு முடி. பத்து நிமிஷம் கழித்துச் சாதம் போடு. அப்போது தானாகவே சாதம் குறையும், பார்.

சாப்பிட்ட கையோடு படுக்காதே. பத்து, பதினைந்து நிமிஷம் மாடியில் நட. பழத்தைப் பழமாகவே சாப்பிடு, ஜூஸ் போடாதே. ஜூஸில் நார் போய்விடுகிறது. ஃப்ரக்டோஸ் குளுக்கோஸைவிட வேகமாகப் புரதத்தில் ஒட்டக்கூடியது. அதை மொத்தமாக ஒரே மடக்கில் இறக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் ஒன்று சொல்லிவிடு. சிகரெட் புகையில் இருக்கும் பொருட்களே புரதத்தில் ஒட்டி ஏஜிஇ உண்டாக்குகின்றன. புகைப்பவர்களின் ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதை 1997-லேயே காட்டிவிட்டார்கள். நீ இட்லி அவித்துக் கொடுத்து, அவர் மாடிக்குப் போய்ப் பற்றவைத்தால் என்ன அர்த்தம்?

கூட்டத்துக்குச் சோறு

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று 2023-இல் சொன்னது. 100 கிராம் வெள்ளைச் சாதத்தில் அரை கிராம்கூட இல்லை. வெந்த கொண்டைக்கடலையில் 7 கிராமுக்கு மேல், கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். கணக்கு உனக்கே புரியும். தினமும் ஒரு வேளையாவது கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை என்று ஏதாவது ஒன்று முழுசாக இருக்கட்டும். வாரத்தில் சில நாள் கம்மஞ்சோறு. கீரை, அவரை, வாழைத்தண்டு, சுண்டைக்காய் என்று மாற்றி மாற்றிச் செய். ஒரே காயையே ஆறு நாளும் செய்யாதே, ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பிடித்த நார் வேறு வேறு.

ஆனால் நாளைக்கே எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பித்துவிடாதே. வயிறு உப்பி, வாயு பிரிந்து, “அக்கா பேச்சைக் கேட்டு மானம் போச்சு” என்பாய். பழக்கமில்லாத குடலுக்கு நாரை மெல்லக் கூட்ட வேண்டும். முதல் வாரம் ஒரு கரண்டிப் பயறு போதும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவை. பெருங்காயம், சீரகம் சேர். தண்ணீரும் கூடுதலாகக் குடி, இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான் மிஞ்சும்.

பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பாதே. ஆறவைத்த சாதத்தில் செரிக்காத மாவுச்சத்து கூடுவது நிஜம். ஆனால் எவ்வளவு? 2015-இல் வந்த ஒரு இந்தோனேசிய ஆராய்ச்சியில், புதிதாக வடித்த சாதத்தில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்துச் சுடவைத்தபோது 1.65 ஆனது. ஒரு கிராம்தான் வித்தியாசம். சர்க்கரை ஏறுவது கொஞ்சம் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். அதனால் கோடையில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு ஒரு கிண்ணம் குடி, நல்லதுதான். சர்க்கரைக்கு மருந்து என்று சொல்லி ஒரு சட்டி சாப்பிட்டால், சட்டி சோறு சாப்பிட்ட கணக்குத்தான்.

தயிர், மோர் தினமும் இருக்கட்டும். இட்லி மாவு புளிப்பதும் பாக்டீரியாவால்தான், ஆனால் இட்லியாக அவிக்கும்போது அவை செத்துவிடும். உயிரோடு உள்ளே போவது தயிரிலும் மோரிலும்தான். ஸ்டான்ஃபோர்டில் 2021-இல் 36 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், தயிர் முதலான புளித்த உணவுகளைத் தாராளமாகச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் வீக்கம் காட்டும் புரதங்கள் பல குறைந்தன. கொதிக்கக் கொதிக்க மோர்க்குழம்பு வைத்துவிட்டு அதையும் இதில் சேர்க்காதே.

இப்போது அந்த கேப்சூல். அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலைந்து லாக்டோபேசிலஸ் வகைகள், கொஞ்சம் சர்க்கரைப் பொடி, பெரிய எழுத்தில் கோடிக்கணக்கு. நான் மேலே சொன்ன, ஒட்டிய சர்க்கரையைப் பிரிக்கிற பாக்டீரியா அதில் இல்லை. அது காற்றுப் பட்டாலே வாழாத இனம். அப்படியே வெளியிலிருந்து வந்தாலும், தின்பதற்கு நார் இல்லாத குடலில் எதைத் தின்று தங்கும்? அந்த டப்பா விலைக்கு மூன்று மாதத்துக்கு வேண்டிய பயறு வகையை ஈரோட்டுச் சந்தையில் வாங்கிவிடலாம், மிச்சத்துக்குக் கொய்யா.

சளி, காய்ச்சல் என்றவுடன் மெடிக்கலில் நீயாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் பசங்களுக்குக் கொடுக்கிற பழக்கத்தையும் நிறுத்து. வைரஸ் காய்ச்சலுக்கு அது ஒன்றும் செய்யாது, குடலில் இருப்பதைத்தான் துடைத்துப்போடும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும், சொன்ன நாள்வரை முழுசாகக் கொடு.

அத்தை விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. அவர்கள் சர்க்கரை மாத்திரை போடுகிறார்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் இருக்கும்போது சாதத்தைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரும். மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவர்கள் கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று சொன்னாயே, அப்படியானால் கீரை, பயறு, பழம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அவித்துக் கொடுக்கிற பழக்கம் அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும், ஏஜிஇ-யை வெளியேற்றுகிற வழியே அவர்களுக்குக் குறைந்திருக்கிறதே. மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலக்குகிறது என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்களாம், அதை நீ கவனி. அந்த மாத்திரை குடல் பாக்டீரியாக்களையும் மாற்றுகிறது, ஆரம்பத்தில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல். அப்படியும் முடியவில்லை என்றால் டாக்டர் வேறு வகை எழுதித் தருவார், நாமாக விடக்கூடாது.

அடுத்த ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துப் பார். அதற்கு முன்னால் பார்த்தால் பழைய சிவப்பணுக்களின் கணக்கும் கலந்து வரும், காசுதான் தண்டம். அன்றைக்கே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), வெறும் வயிற்றுச் சர்க்கரை, கிரியாட்டினின் நாலையும் சேர்த்து எழுதித் தரச் சொல். இரும்பு மாத்திரை போட்டு ரத்தம் ஏறினால் அந்த 6.1-இல் எவ்வளவு நிஜம் என்பது அப்போது தெரியும். ரிப்போர்ட் வந்ததும் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. போன தடவை பின்பக்கத்தை விட்டுவிட்டாய்.